துவான் என்னைக் கோனுக்கு அனுப்பிவிட்டது

லாவோஸ் நாட்டுக்கு நான் போனதில்லை. இதைப் படித்து முடிக்கும்போது நீங்களும் போயிருக்க மாட்டீர்கள். ஆனாலும் இது லாவோசுக்குப் போன கதைதான். தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், லண்டனின் தெற்கே மிச்சமில் புறப்பட்டு, குரோய்டன், செயின்ட் பாங்கிராஸ் வழியாக மேற்கே சவுத்தாலில் முடிந்தது இந்தப் பயணம். மொத்தத் தொலைவு சுமார் நாற்பது கிலோமீட்டர். டிராம் ஒன்று, ரயில் மூன்று. நான் செய்த ஒரு பிழையைத் திருத்துவதற்காகப் போனேன்.

பிழை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழன். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டேன். வயது ஐம்பத்தெட்டு, இலவசப் பயண அட்டைக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அடுக்குமாடிகளில் லிஃப்டுகளைச் சோதிக்கும் வேலை. மூன்று வாரத்துக்கு முன் சவுத்தாலில் ஒரு கட்டடத்து லிஃப்ட் பாதியில் நின்றுவிட, நான்காம் மாடி வரை நடந்து ஏறிய களைப்பில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். கதவைத் திறந்தவர் செலின் என்ற பெண்மணி. உள்ளே நாற்காலியில் அவருடைய தந்தை ஜோசப், வயது எண்பத்தைந்து. என் முகத்தைப் பார்த்ததும் செலின் ஆங்கிலத்தில் கேட்டார், "நீங்கள் தமிழரா? தமிழ் படிப்பீர்களா?"

ஜோசப் பிறந்தது லாவோசில், மேகோங் ஆற்றங்கரையில் உள்ள சவன்னாகெட் என்ற ஊரில். தாய் அந்த ஊர்க்காரி. தந்தை பிரெஞ்சு அரசாங்க வேலையாகப் போன புதுச்சேரித் தமிழர். மகனுக்கு ஐந்து வயதானபோது தந்தை எங்கோ போனார், திரும்பி வரவில்லை. ஒன்பது வயதில் தாயும் போய்ச் சேர, பாதிரிமார் பள்ளியில் வளர்ந்து, பிரான்சுக்குப் போய், கடைசியில் மகளின் வேலையை ஒட்டி லண்டனுக்கு வந்தவர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. தந்தையின் நினைவாக அவரிடம் இருந்தது ஒரே ஒரு புகைப்படம். வெள்ளைச் சீருடையில் ஒல்லியான கறுத்த மனிதர், அவருக்குப் பின்னால் ஒரு சின்ன ரயில் எஞ்சின். படத்தின் பின்புறம் மை மங்கிய தமிழ் எழுத்தில் இப்படி இருந்தது:

துவான் என்னைக் கோனுக்கு அனுப்பிவிட்டது. தண்ணீர் ஏறினால் வருவேன். அதுவரை பிள்ளை அங்கேயே இருக்கட்டும். மாசி 45.

எனக்கு இது தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்துக்கொண்டேன். மலேசியாவில் எந்த மனுவும் 'துவான்' என்றுதான் தொடங்கும். மலாய் மொழியில் ஐயா, எசமான் என்று பொருள். கோன் என்றால் அரசன். பள்ளிக்கூடத்துச் செய்யுளில் படித்திருக்கிறேன். தண்ணீர் எங்காவது மேலே ஏறுமா? ஆகவே அது வராதவன் சொல்லும் சாக்கு என்று முடிவு கட்டினேன். தமிழில் ஒரு வரியும் வாய்விட்டு வாசிக்காமல், நேராக ஆங்கிலத்தில் அர்த்தம் சொன்னேன். "எசமான் என்னை ராஜாவிடம் அனுப்பிவிட்டார். தண்ணீர் மலையேறும்போது நான் வருவேன். பிள்ளை அங்கேயே கிடக்கட்டும்." கொஞ்சம் அழகாகச் சொன்னதாகக்கூட அப்போது எனக்குப் பட்டது.

ஜோசப் எனக்கு நன்றி சொல்லி, ஒரு பிஸ்கட்டும் கொடுத்தார். அந்த மாலையே படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டாராம். மகளும் அவரும் சவன்னாகெட் போய்த் தந்தையைப் பற்றி விசாரிப்பதற்கு விமான டிக்கெட் வாங்கியிருந்தார்கள், இந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு வரும் வியாழக்கிழமைக்கு. "என்னை வேண்டாம் என்றவரை நான் எதற்குத் தேட வேண்டும்? ரத்து செய்துவிடு" என்று சொல்லிவிட்டார். இதை எனக்குப் போனில் சொன்னது செலின்தான்.

காலை 7.40, மிச்சம்.

எங்கள் தெருமுனையில் சிவநாதன் அண்ணை கடை வைத்திருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். பால் வாங்கப் போன இடத்தில் மனசு கேட்காமல் விஷயத்தைச் சொல்லி, அன்று என் போனில் எடுத்துவைத்திருந்த அந்த எழுத்தின் படத்தையும் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்.

"தம்பி, இதை நீர் என்னெண்டு வாசிச்சனீர்?"

"துவான்னா எசமான், அண்ணே. வெள்ளைக்காரத் துரை."

"துரை எண்டால் 'அனுப்பிவிட்டார்' எண்டெல்லோ எழுதுவினம். சம்பளம் குடுக்கிறவனைப் போய் ஆராவது 'அது' எண்டு சொல்லுவினமே? இதிலை 'அனுப்பிவிட்டது' எண்டு கிடக்கு. இது ஆள் இல்லைத் தம்பி. கந்தோர்."

கந்தோர் என்றால் அவர்கள் ஊரில் அலுவலகம். எனக்குச் சுருக்கென்றது. ஒன்றாம் வகுப்பு இலக்கணம் அது. அங்கேயே செலினுக்குப் போன் செய்தேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் சூடு இருந்தது. "போன தடவையும் நீங்கள் இதே நிச்சயத்தோடுதான் சொன்னீர்கள். போனில் அப்பாவிடம் எதையும் சொல்ல மாட்டேன். ஆதாரம் இருந்தால் கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். மாலை ஆறு மணிக்கு நான் டிக்கெட்டை ரத்து செய்கிறேன்."

யூஸ்டன் சாலையில் உள்ள பெரிய நூலகத்தில் பழைய காலனி நாட்டு நூல்கள் இருக்கும், அங்கே போய்ப் பார்க்கிறேன் என்று சொன்னேன். சிவநாதன் அண்ணை கோட்டை எடுத்து மாட்டினார்.

"நானும் வாறன். கடையிலை மனிசி நிப்பா." மனிசி என்றால் அவர் மனைவி.

காலை 8.15, டிராம்.

மிச்சமிலிருந்து கிழக்குக் குரோய்டனுக்கு டிராம் கட்டணம் ஒரு பவுண் எழுபத்தைந்து பென்ஸ், பயண நேரம் ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம். மிச்சம் ஜங்ஷன் தாண்டியதும் இரண்டு பக்கமும் கிடங்குகளும் புற்களில் உறைபனியும். கண்ணாடியெல்லாம் மூச்சுக்காற்றில் மங்கியிருந்தது. சனிக்கிழமை காலை இந்த மனிதர் கடையை விட்டு வெளியே வந்து பார்த்ததே இல்லை என்பதால், ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். குரோய்டனின் உயரக் கட்டடங்கள் தெரியத் தொடங்கிய பிறகுதான் பதில் வந்தது.

"வந்த புதிசிலை என்ரை அகதிக் கேசை எழுதக் குரோய்டனிலை ஒரு லோயரிட்டைப் போனனான். தமிழை இங்கிலிசிலை சொல்ல ஒரு ஆள் வந்தவர், உங்கடை பக்கமோ இந்தியாவோ தெரியாது. 'பெடியள் வீட்டை வந்தவங்கள்' எண்டு நான் சொன்னன். அவர் 'சின்னப் பிள்ளையள் வீட்டுக்கு வந்தாங்கள்' எண்டு சொல்லிப்போட்டார்."

அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் பெடியள் என்றால் ஆயுதம் ஏந்திய இளைஞர்கள். எனக்கே இங்கு வந்த பிறகுதான் தெரியும்.

"அப்புறம்?"

"சின்னப் பிள்ளையளுக்கு ஏன் பயந்தனீர் எண்டு கேட்டினம். அந்த ஒரு கேள்விக்கு மறுமொழி சொல்லி முடிய ரண்டு வருசம் போச்சுது. மனிசி அங்கை, நான் இங்கை." கண்ணாடியைக் கையால் துடைத்து வெளியே பார்த்தார். "அந்த ஆள் நல்ல மனிசன்தான். தெரியாத சொல்லைத் தெரியாது எண்டு சொல்லேல்லை. அவ்வளவுதான்."

அது எனக்குச் சொன்ன சொல்தான். வாங்கிக்கொண்டேன்.

காலை 8.55, ரயில்.

கிழக்குக் குரோய்டனிலிருந்து செயின்ட் பாங்கிராசுக்கு முப்பத்தைந்து நிமிடம். இடம் கிடைத்தது. எனக்குத் தெரிந்த லாவோஸ் கதையை அண்ணையிடம் சொல்லிக்கொண்டு போனேன். முன்பு அரைகுறையாகப் படித்ததை இந்த மூன்று வாரத்தில் குற்ற உணர்ச்சியோடு கொஞ்சம் முழுதாகப் படித்திருந்தேன்.

கடல் இல்லாத நாடு. சீனா, பர்மா, தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் என்று ஐந்து பேர் சுற்றி நிற்க, நடுவில் இருக்கிறது. கடலுக்குப் பதில் மேகோங் ஆறு. நாட்டின் தெற்கே சம்பாசக் என்ற பகுதியில் கிடைத்த ஐந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று சமஸ்கிருதத்தில் இருக்கிறது. அதில் ஓர் அரசன் ஒரு தீர்த்தத்தை உண்டாக்கி அதற்குக் குருக்ஷேத்திரம் என்று பெயர் வைத்திருக்கிறான். எழுத்து, நம்முடைய பழைய தென்னிந்தியக் கல்வெட்டு எழுத்துக்கு நெருங்கிய உறவு. பக்கத்து மலையின் உச்சியில் இயற்கையாக நிற்கும் பாறையை லிங்கமாகக் கும்பிட்டிருக்கிறார்கள். அடிவாரத்துக் கோயில் பிற்காலத்தில் புத்தர் கோயிலாகி, இன்றும் விளக்கு எரிகிறது.

"அப்ப சிவன் எங்களுக்கு முந்தியே அங்கை போய்ச் சேந்திட்டார்" என்றார் அண்ணை.

பதினான்காம் நூற்றாண்டில், 1353இல், அங்கோர் அரசவையில் வளர்ந்த ஃபா இங்கும் என்ற இளவரசன் படையோடு வந்து சிற்றரசுகளைச் சேர்த்து லான் சாங் என்ற நாட்டை அமைத்தான். பத்து லட்சம் யானை என்று பெயருக்கு அர்த்தம். யானையை யார் எண்ணினார்கள் என்று கேட்கக்கூடாது. முந்நூற்றைம்பது ஆண்டு நின்ற அந்த நாடு, அண்ணன் தம்பி சண்டையில் லுவாங் பிரபாங், வியஞ்சான், சம்பாசக் என்று மூன்றாக உடைந்தது. மூன்றும் சயாமுக்குக் கப்பம் கட்டின. வியஞ்சான் அரசன் ஒருவன் எதிர்த்துப் பார்த்தான். 1828க்குள் சயாம் படை அந்த நகரத்தைத் தரைமட்டமாக்கி, மக்களை ஆற்றுக்கு அக்கரையில் குடியேற்றியது. இன்றும் லாவோ மொழி பேசுகிறவர்கள் லாவோசில் இருப்பதைவிடத் தாய்லாந்தில் அதிகம். 1893இல் பிரெஞ்சுக்காரர்கள் போர்க்கப்பலைக் காட்டிச் சயாமிடமிருந்து ஆற்றின் கிழக்குக் கரையைப் பிடுங்கினார்கள். லுவாங் பிரபாங் ராஜாவை மட்டும் சிம்மாசனத்தில் உட்காரவிட்டார்கள். என்னுடைய 'கோன்' அவர்தான் என்று நான் முடிவு செய்திருந்தேன்.

"புதுச்சேரிச் சனம் அங்கை என்னத்துக்குப் போனது?"

பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரித் தமிழரில் ஒரு பகுதியினர் தங்கள் குல வழக்கத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்று எழுதிக்கொடுத்தார்கள். அவர்களுக்கு இந்தோசீனாவில் அரசாங்க வேலை கிடைத்தது. பெரும்பாலோர் சைகோனில் காவலர், எழுத்தர், வரி வசூலிப்பவர். லாவோஸ் வரை போனவர்கள் மிகக் கொஞ்சம். லாவோஸ்காரனுக்கு அவர்கள் வெள்ளைக்காரனின் ஆட்கள், வெள்ளைக்காரனுக்குக் கறுப்பர்கள். ரயில் தேம்ஸ் ஆற்றைக் கடந்தது. சாம்பல் நிறத் தண்ணீர் வற்றிக் கரையில் சேறு தெரிந்தது.

காலை 9.35, செயின்ட் பாங்கிராஸ்.

அண்ணைக்குக் கழிப்பறை போக வேண்டியிருந்தது. நிலத்தடி மேடையிலிருந்து மேலே வந்தால் பாரிஸ் போகும் ரயில்களுக்கான பகுதி. பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள், பால் கொடுக்கும் தாய், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சோதனைச் சாவடி. நான் ஒரு தூண் ஓரம் நின்று அறிவிப்புப் பலகைகளைச் சும்மா பார்த்தேன். எல்லாம் இரண்டு மொழியில் இருந்தன. சுங்கச் சோதனை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே பிரெஞ்சில் ஆறு எழுத்து: டி, ஓ, யு, ஏ, என், இ.

டொவானே என்று மனசுக்குள் படித்துவிட்டு அடுத்த பலகைக்குப் போய்விட்டேன். பிறகு என்னவோ திரும்பிப் பார்க்கச் சொன்னது. அருகில் சீருடையில் நின்ற பெண்ணிடம் போய், அந்தக் கீழ்ச் சொல்லை எப்படி உச்சரிப்பது என்று கேட்டேன். பயணிகளிடமிருந்து இதைவிட விநோதமான கேள்விகள் வந்திருக்கும் போல. முகம் மாறாமல் சொன்னாள்.

"துவான்."

கழிப்பறையிலிருந்து வந்த அண்ணையிடம் பலகையைக் காட்டினேன். சுங்க இலாகா. புதுச்சேரிக்காரர் தான் தினமும் காதால் கேட்ட பிரெஞ்சுச் சொல்லைத் தமிழில் எழுதியிருக்கிறார். ஈப்போக்காரன் அதை மலாய்ச் சொல்லாக எடுத்துக்கொண்டான்.

"நான் சொன்னனான் எல்லோ, கந்தோர் எண்டு" என்றார். அதற்கு மேல் பெருமை அடிக்கவில்லை. நானாக இருந்தால் சவுத்தால் வரை அதையே சொல்லியிருப்பேன்.

காலை 10.00 முதல் 1.20 வரை, நூலகம்.

நிலையத்திலிருந்து நூலகத்துக்கு நடை ஐந்து நிமிடம்கூட இல்லை. வாசிப்பறைக்குள் போக அட்டை வேண்டும். என்னிடம் இருந்தது, அண்ணையிடம் இல்லை. அவர் கீழே தேநீர்க் கடையில் உட்கார்ந்துகொண்டார். ஒரு தேநீர் மூன்று பவுணுக்கு மேல். அதே பணத்துக்குத் தன் கடையில் ஒரு பெட்டித் தேயிலை தருவேன் என்று கல்லாவில் இருந்த பெண்ணிடம் சொல்லியிருக்கிறார்.

உள்ளே எனக்கு மூன்று புத்தகமும் ஒரு வரைபடமும் வந்தன. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. இரண்டு நூல் ஆங்கிலம் என்பதால் பிழைத்தேன். சுங்க இலாகா பற்றி முதலில் தேடினேன். உப்பு, சாராயம், அபின் ஆகிய மூன்றும் அங்கே அரசாங்கத்தின் ஏகபோகம்; மூன்றையும் விற்றதும் காவல் காத்ததும் இந்த இலாகாதான். லாவோ வீடுகளில் அரிசியிலிருந்து சாராயம் வடிப்பது கல்யாணத்துக்கும் சாவுக்கும் உள்ள வழக்கம். உத்தரவில்லாமல் வடித்தால் சுங்கக்காரர் வந்து பானையை உடைப்பார், அபராதம் போடுவார். ஆக ஜோசப்பின் தந்தை வெள்ளைச் சீருடை அணிந்து பானை உடைத்தவராக இருக்கலாம். அபினை எடை போட்டவராகவும் இருக்கலாம். இதையும் அவரிடம் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். நல்லதை மட்டும் பொறுக்கிச் சொல்வதும் தவறான மொழிபெயர்ப்புத்தான் என்று தோன்றியது.

பிறகு வரைபடம். மேசையில் விரித்து, சவன்னாகெட்டில் விரலை வைத்து ஆற்றோடு தெற்கே இறங்கினேன். நடுவில் கெம்மராட் என்ற நீண்ட பாறைத்தொடர். அதற்கும் கீழே சம்பாசக். இன்னும் கீழே, கம்போடிய எல்லையில், ஆறு நூறு கிளையாகப் பிரிந்து தீவுகளாகச் சிதறி அருவியாக விழும் இடம். அங்கே சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது: கோன்.

கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. அரசனும் இல்லை, அரண்மனையும் இல்லை. அது ஒரு ஊர்.

மேகோங் வழியாகக் கப்பலில் சீனாவுக்குப் போய்விடலாம் என்று பிரெஞ்சுக்காரர் கனவு கண்டார்கள். அந்தக் கனவை மறித்தது கோன் அருவி. அதனால் அருவியைச் சுற்றி, இரண்டு தீவுகளில், சுமார் ஏழு கிலோமீட்டர் நீளத்துக்குக் குட்டி ரயில்பாதை ஒன்று போட்டார்கள். அருவிக்குக் கீழே வந்து நிற்கும் படகின் சரக்கை ரயிலில் ஏற்றி, மேலே நிற்கும் படகில் இறக்குவதற்கு. அவர்கள் ஆட்சியில் அந்த நாடு முழுவதற்கும் இருந்த ரயில் அது ஒன்றுதான். புகைப்படத்தில் இருந்த எஞ்சின் வேறு எங்கும் நின்றிருக்க முடியாது.

மூன்றாவது விஷயம் ஒரு பயணக் கையேட்டில் இருந்தது. படகுகள் இரண்டு பருவமாக ஓடின: தண்ணீர் ஏறியிருக்கும் காலம், இறங்கியிருக்கும் காலம். மழையில்லாத மாதங்களில் கெம்மராட் பாறைகள் வெளியே தெரியும். பெரிய படகு போகாது. மழை தொடங்கி, ஆனி ஆடியில் ஆறு பல மீட்டர் உயர்ந்த பிறகுதான் கீழிருந்து மேலே வரலாம். தண்ணீர் ஏறினால் வருவேன். பழமொழியும் இல்லை, ஏளனமும் இல்லை. பேருந்து வந்தால் வருவேன் என்று நாம் சொல்வதைப்போல ஒரு சாதாரண வாக்கியம்.

மாசி 45 என்ற தேதிக்கு அப்போதுதான் வந்தேன். 1945 மார்ச் ஒன்பதாம் தேதி ஜப்பானியர் இந்தோசீனாவில் பிரெஞ்சு ஆட்சியைக் கவிழ்த்தார்கள். அதிகாரிகள் பலர் சிறைப்பட்டார்கள், பலர் கொல்லப்பட்டார்கள், பலர் காட்டுக்கு ஓடினார்கள். அவர் எழுதியது அதற்குச் சில நாள் முன்னால், அல்லது அதே நாட்களில். தண்ணீர் ஏறும் காலம் வந்தபோது அவரை அனுப்பிய துவானே அங்கே இல்லை.

அவருக்கு என்ன ஆயிற்று என்று எந்த நூலிலும் இல்லை. பிரெஞ்சு ஊழியர் பட்டியல் ஒன்றில், செலின் சொல்லியிருந்த அவர் பெயரைத் தேடினேன், கிடைக்கவில்லை. வரைபடத்தைப் படம் எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

பகல் 1.40, ஃபாரிங்டன்.

ஒரு நிறுத்தம் தெற்கே வந்து ரயில் மாறினோம். சவுத்தாலுக்கு அரை மணி நேரத்துக்கும் குறைவு. இது புதிய பாதை. பெட்டியெல்லாம் விசாலம், சத்தமே இல்லை. நான் சொல்ல வேண்டியதைத் தாளில் எண் போட்டு எழுதினேன். முதலில் சுங்கம், அடுத்து வரைபடம், மூன்றாவது ரயில், நான்காவது தண்ணீர். அண்ணை எட்டிப் பார்த்தார்.

"இதென்ன தம்பி, கோர்ட்டிலை வாதாடப் போறீரோ?"

"ஆதாரம் கேட்டாங்கண்ணே."

"ஓம். ஆனால் முதல் மன்னிப்புக் கேளும். அதை அந்தத் தாளிலை காணேல்லை."

சவுத்தால் நிலையத்துப் பெயர்ப்பலகையில் ஆங்கிலத்துக்குக் கீழே பஞ்சாபியிலும் ஊர் பெயர் எழுதியிருக்கும். வெளியே வந்ததும் ஜிலேபி வாசனை. வெறும் கையோடு போக மனமில்லாமல் ஒரு பெட்டி இனிப்பு வாங்கினேன், ஆறு பவுண். லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது, அந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறேன்.

பகல் 2.45, நான்காம் மாடி.

ஜோசப் அதே நாற்காலியில் இருந்தார். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. சிவநாதனை அறிமுகப்படுத்தினேன். பிறகு, அண்ணை சொன்னபடியே, தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொன்னேன், மன்னித்துவிடுங்கள் என்றேன்.  அவர் தலையை அசைத்தார், அது மன்னிப்பா இல்லையா என்று புரியவில்லை. நான் தாளை எடுத்து எண் ஒன்று என்று தொடங்கினேன்.

"பொறுங்கள்" என்று கையைத் தூக்கினார். அவர் ஆங்கிலம் பிரெஞ்சுச் சாயலோடு மெதுவாக வரும். "போன தடவை நீங்கள் அர்த்தம் மட்டும்தான் சொன்னீர்கள். அவர் எழுதியதை நான் கேட்கவே இல்லை. அவருடைய மொழியில் அப்படியே வாசியுங்கள்."

செலின் மேசை இழுப்பறையிலிருந்து படத்தை எடுத்துவந்தார். நான் பின்புறத்தைத் திருப்பி வாசித்தேன். "துவான்..."

ஜோசப்பின் தலை நிமிர்ந்தது. "மறுபடி."

"துவான் என்னைக் கோனுக்கு..."

"லா துவான்" என்றார் மகளைப் பார்த்து. பிறகு பிரெஞ்சில் மளமளவென்று ஏதோ. எனக்குப் புரிந்தது கோன், கோன் என்ற ஒரு சொல்தான். செலின் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் தாளும், வரைபடமும், மூன்று மணி நேர நூலகமும் அப்படியே கையில் இருந்தன. பிரெஞ்சு பேசுகிறவர், அந்த ஆற்றங்கரையில் பிறந்தவர். இரண்டு சொல்லையும் காதால் கேட்டாலே போதும், அவருக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன் நான் என் புலமையை ஒதுக்கிவைத்துவிட்டு வாய்விட்டு வாசித்திருந்தால் இவ்வளவும் நடந்தே இருக்காது.

அண்ணை என் காதருகே தமிழில் சொன்னார். "அண்டைக்கே இதைச் சத்தமா வாசிச்சிருக்கலாம் தம்பி."

"ஆமாண்ணே" என்றேன். வேறென்ன சொல்ல?

மிச்ச வரியைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொன்னேன், ஒரு அணியும் சேர்க்காமல். தண்ணீர் ஏறினால், வருவேன். அதுவரை, பிள்ளை, அங்கேயே, இருக்கட்டும். சுங்கக்காரரின் வேலை என்ன, பானை, அபின் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். பானை உடைத்தவர்களைப் பற்றித் தாயின் ஊரில் பேசுவார்கள், எனக்குத் தெரியும் என்றார் ஜோசப். மார்ச் மாதம் என்ன நடந்தது என்பதையும், அவர் தந்தை என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன். தெரியாது என்று சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

அப்பாவின் அம்மாவுக்குத் தமிழ் தெரியாதே, தாத்தா ஏன் தமிழில் எழுதினார் என்று செலின் கேட்டார்.

"அவருக்கு லாவோ எழுதத் தெரியாது, அம்மாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது" என்றார் ஜோசப். "கடைத்தெருவில் ஜவுளி விற்கிற தமிழர் ஒருவர் இருந்தார். அவர்தான் வாசித்துச் சொல்லியிருப்பார்."

 செலின் தேநீர் கொண்டுவந்து வைத்தார், யாரும் எடுக்கவில்லை.

"வாசித்துச் சொல்லியிருக்கிறார்" என்றார் ஜோசப் மறுபடி. "மழை தொடங்கி ஆறு கலங்கி ஏற ஆரம்பித்ததும் அம்மா எனக்கு நல்ல சட்டை போட்டு, தலை சீவி, கரைக்குக் கூட்டிப்போவாள். தினமும். படகு கட்டுகிற துறையில் உட்கார்ந்திருப்போம். வெள்ளம் பார்க்க அவளுக்கு ஆசை என்று நினைத்தேன். நான்கு வருடம் போனோம். ஐந்தாவது வருடம் மழைக்கு முன்னால் அவள் செத்துவிட்டாள். நல்ல சட்டை எதற்கு என்று நான் ஒரு தடவையும் கேட்கவில்லை."

சிவநாதன் அண்ணை எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

செலின் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "அப்பா, ரத்து செய்யவில்லை. வியாழக்கிழமை போகிறோம்."

"வேண்டாம்" என்றார் ஜோசப்.

செலின் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இப்போது அங்கே மழையில்லாத காலம். ஆறு கீழே கிடக்கும்" என்றார். "ஜூலைக்கு மாற்று."

"உங்களுக்கு எண்பத்தைந்து வயது. ஜூலையில் வெள்ளமும் சேறுமாக இருக்கும். டாக்டர் என்ன சொன்னார் என்று..."

"அதுவரை இருப்பேன். ஜூலைக்கு மாற்று, செலின். அவர் அப்போதுதான் வருவதாகச் சொல்லியிருக்கிறார்."